நடைபிணங்களின் அறிவெண்: வாள்வழி ஓர் ஆய்வு

ஜாம்பி விளையாட்டுகளைப் பற்றி இதுவரை கருத்துரைத்தோர் எதிரிகளை மூன்றே வகையாகப் பிரித்து முடித்துவிட்டனர்: மெதுவாக வருவது, ஓடி வருவது, பெரிதாக வருவது. மாநகரப் பேருந்துகளைப் பிரிக்க இது போதும். பிணங்களைப் பிரிக்கப் போதாது.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. உடம்பால் மட்டும் அறிவது ஓரறிவு. நாக்கு சேர்ந்தால் இரண்டு. பிறகு மூக்கு, கண், செவி என ஒவ்வொன்றாகக் கூடி, கடைசியில் மனம் வந்து சேரும்போது ஆறு. புல்லும் மரமும் அடியில்; எறும்பு மூன்றாம் படியில்; நண்டு நான்காம் படியில்; மனிதர் உச்சியில். நடைபிணம் எந்தப் படி என்று அந்நூல் கூறவில்லை. அதைக் குறையென்று கொள்ள வேண்டியதில்லை. அக்காலத்துப் பிணங்கள் படுத்தே கிடந்தன. அற்றேல், உயிர்க்குச் சொன்ன இலக்கணம் பிணத்துக்குப் பொருந்துமோ எனின், பொருந்தும்; கடிக்கிறது ஆதலின்.

ஆய்வுக் களமாக, வால்வ் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்ட லெஃப்ட் 4 டெட் 2 கொள்ளப்பட்டது. நான்கு பேர் அமெரிக்காவின் சவானா நகரில் கிளம்பி, வழியெல்லாம் பிணங்களை வீழ்த்திக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேரும் கதை. 2008-இல் வந்த முதல் பாகத்தில் வாளே கிடையாது. நெருங்கிவந்த பிணத்தைக் கையிலிருக்கும் துப்பாக்கியால் இடித்துத் தள்ளலாம், அவ்வளவுதான். இரண்டாம் பாகத்தில் கட்டானா என்னும் ஜப்பானிய வாள் கிடைக்கிறது. கூடவே கோடரி, கடப்பாரை, கிரிக்கெட் மட்டை, எலெக்ட்ரிக் கித்தார், பிடி வைத்த வாணலி ஆகியவையும் கிடைக்கின்றன. சாதாரணப் பிணத்தை வாளும் ஒரே அடியில் வீழ்த்தும், வாணலியும் ஒரே அடியில் வீழ்த்தும். அப்படியானால் இதை வாணலிவழி ஆய்வாக எழுதியிருக்கலாமே என்று கேட்போர் உண்டு. எழுதலாம். ஆனால் வாணலி ஏந்தியவர் தம்மைப் பற்றிப் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்வதில்லை. வாள் ஏந்தியவர் நினைத்துக்கொள்கிறார். பின்னால் வரும் முடிவுகளுக்கு அந்த நினைப்பு இன்றியமையாதது.

இனிக் கருவியின் இயல்பு. நிஜக் கட்டானா ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அலகின் முதுகுப்பக்கம் களிமண்ணைத் தடித்துப் பூசி, நெருப்பில் காய்ச்சி நீரில் தோய்ப்பார்கள். மண் மூடிய முதுகு மெல்லச் சூடு ஆறி மென்மையாகும். மற்ற விளிம்பு சட்டென்று ஆறிக் கடினமாகும். அந்தக் கடினமே அதன் கூர்மை, அதுவே அதன் பலவீனமும். தவறான கோணத்தில் எலும்பில் பட்டால் விளிம்பு பொடிந்துபோகும். துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் துருப்பிடிக்கும். இவற்றில் ஒன்றும் சவானாவில் செல்லாது. அங்கே வாள் மழுங்காது, சிக்காது, வீசும் கையும் ஓயாது. பிணங்களை வெறுங்கையால் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் தோள் அசரும். வெட்டிக்கொண்டே இருந்தால் அசராது. மருத்துவ உலகம் இதைக் கவனிக்க வேண்டும். வாளுக்குக் கொடுக்கும் விலை கைத்துப்பாக்கி: ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டாக வேண்டும். ஆனால் அடிபட்டுத் தரையில் சாய்ந்த மறுகணமே வாள்காரர் கையில் எங்கிருந்தோ ஒரு கைத்துப்பாக்கி முளைத்துவிடுகிறது. அது எங்கிருந்து வந்தது என்பது பற்றி மூலமும் பேசவில்லை, உரையும் பேசவில்லை.

வாள் தேயும் என்று கொள்ளும் பள்ளிகளும் உண்டு. போலந்தின் டெக்லாண்ட் நிறுவனம் 2011-இல் டெட் ஐலண்டிலும் 2015-இல் டையிங் லைட்டிலும், வெட்ட வெட்ட ஆயுதம் பழுதாகும், வீசுபவருக்கு மூச்சு வாங்கும் என்ற கொள்கையை நிறுவியது. மைன்கிராஃப்ட் இன்னும் கறார்: வைர வாளின் ஆயுள் 1561 அடி, இரும்பு வாளுக்கு 250, தங்க வாளுக்கு வெறும் 32. தங்க வாள் வெட்டும் வலுவில் மரவாளைத் தாண்டுவதும் இல்லை. கல்யாணச் செலவுக் கணக்குப் போடும் குடும்பங்கள் இவ்வெண்களை நிதானமாகப் படிக்கலாம். மைன்கிராஃப்டில் பழைய காலத்தில் மவுஸை எத்தனை வேகமாகத் தட்டினாலும் அத்தனை வெட்டு விழுந்தது. 2016 பிப்ரவரி 29 அன்று வந்த 1.9 பதிப்பிலிருந்து, ஒரு வெட்டுக்குப் பின் சற்றுப் பொறுத்தால்தான் அடுத்த வெட்டுக்கு முழு வலு. பொறுமையைக் கற்பிக்க நான்காண்டுக்கு ஒருமுறை வரும் நாளைத் தேர்ந்தது தற்செயல் என்று இவ்வாய்வாளர் நம்பவில்லை.

தேயும் வாளைத் தந்தவர்களுக்கு வேலை எளிது. ஆட்டக்காரரை வாளே அடக்கிவிடும். தேயாத வாளைத் தந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. வாளுக்கு உள்ள ஒரே கட்டாயம், பக்கத்தில் போயாக வேண்டும் என்பது. எனவே, பக்கத்தில் வந்தவரிடம் எதையாவது பிடுங்கிக்கொள்ளும் பிணங்களைப் படைத்தார்கள். பிடுங்குவது உயிரை அல்ல, அது பிற்பாடு. முதலில் பிடுங்குவது அறிவை. ஒவ்வொரு பிணமும் தன்னை நெருங்கியவரைத் தன் படிக்கே இறக்கிவிடுகிறது. இதை இனி இறக்க விதி என்போம்.

ஈரறிவுப் பிணங்களிலிருந்து தொடங்குவது வசதி, ஏனெனில் அவற்றின் தொழில் முழுவதும் வாயில்தான். பூமர் என்பது ஊதிப் பருத்த உடம்பு. வாந்தி அதன் ஆயுதம். தெருவில் திரியும் அநாமதேயப் பிணத்துக்கு உள்ள அதே 50 ஹெல்த்தான் இதற்கும். ஊதினால் உடையும். இதைக் கண்டதும் வாள்காரருக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஓடிப்போய் ஒரு போடு போடுகிறார். பூமர் வெடிக்கிறது, பித்தம் முழுவதும் அவர் மேல். திரை பச்சையாகி ஒன்றும் தெரியவில்லை, கண் போயிற்று. அந்த நாற்றத்துக்கு ஊர்ப் பிணங்களெல்லாம் கூட்டமாய் ஓடிவந்து அவரையே மொய்க்கின்றன. மிச்சமிருப்பது உடம்பும், திட்டுவதற்கு வாயும். ஈரறிவு, இறக்க விதி நிறுவப்பட்டது. தொலைவிலிருந்து ஒரு தோட்டாவில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது என்று நண்பர்கள் மூவரும் ஒரே குரலில் சொல்வார்கள். கேட்கும்.

ஸ்பிட்டர் அமிலத்தைத் துப்புபவள். அவளை வெட்டினாலும் காலடியில் அமிலக் குட்டை ஒன்றை விட்டுவிட்டுத்தான் சாவாள். ஸ்மோக்கர் தன் நீண்ட நாக்கை எறிந்து, எட்டத்தில் இருப்பவரையும் சுற்றி இழுத்துப் போவான். இவனிடம் மட்டும் வாளுக்கு ஒரு மரியாதை உண்டு: நாக்கு பறந்துவரும் கணத்தில் சரியாக வீசினால் அதைத் துண்டிக்கலாம். செய்துகாட்டியவர்கள் அதைப் பற்றி நெடுநாள் பேசுவார்கள். செய்ய முயன்றவர்கள் இழுபட்டுப் போனபடியே பேசுவார்கள்.

ஓரறிவுப் பிணங்கள் உடம்பாலேயே எல்லாம் செய்பவை. ஹண்டர் தாவி விழுந்து மார்பின் மேல் அமரும். ஜாக்கி தோளில் ஏறிக்கொண்டு, ஆளையே வாகனமாக ஓட்டி அமிலத்துக்குள்ளோ மொட்டைமாடி விளிம்புக்கோ நடத்திப் போகும். சார்ஜர் ஒற்றைப் பெருங்கையோடு பாய்ந்து, அகப்பட்டவரைத் தூக்கிப்போய்ச் சுவரோரம் தரையில் அறையும். மற்றவை போல ஒரே வெட்டுக்கு அது மசிவதும் இல்லை. இம்மூன்றின் பிடியில் இருப்பவர் வாளை அசைக்கவே முடியாது. கண் தெரிகிறது, காது கேட்கிறது, கையில் கூரான இரும்பு இருக்கிறது, ஆனால் மரத்துக்கு உள்ளது போல் உடம்புணர்ச்சி ஒன்றுதான் அவருக்குப் பயன்படுகிறது. விடுவிக்க வேறொருவர் வந்தாக வேண்டும். வாளெடுத்த வேகத்தில் அந்த வேறொருவரை இரண்டு தெரு பின்னால் விட்டுவந்தவர்களுக்காகவே இம்மூன்றும் படைக்கப்பட்டன என்பதற்கு அவற்றின் நடத்தையே சான்று.

டேங்க் என்னும் பெருமலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நார்மல் நிலையில் 4000 ஹெல்த். அதனிடம் வாளோடு போனவர் பறக்கிறார்.

இடையில் ஒரு சிறுபிரிவைச் சொல்லியாக வேண்டும். குறையறிவினர் என இவர்களை அழைக்கலாம். பொதுவாக இவ்வூர்ப் பிணங்கள் செவியால் கெட்டவை: பைப் பாம் எழுப்பும் பீப் ஒலியின் பின்னால் கூட்டமாக ஓடி, கூட்டமாகச் சிதறும். ஆனால் ஹார்ட் ரெயின் பகுதியில் வரும் சாலைப் பணியாளர் பிணம், உயிரோடு இருந்தபோது மாட்டிய காதடைப்பானைக் கழற்றவே இல்லை. அதற்கு அந்த ஒலி கேட்பதில்லை, ஆகவே சாவதும் இல்லை. பணியிடப் பாதுகாப்பு விதிகளை மதித்தவர் செத்த பின்னும் பயன்பெறுகிறார். பாதுகாப்பு உடையணிந்த சுகாதாரப் பணியாளர் பிணத்தைத் தீ தொடுவதில்லை. சதுப்புநிலத்துச் சேற்று மனிதரோ தாம் எதையும் இழக்காமல், அடிக்கும்போது சேற்றை இறைத்து நம் கண்ணை மறைக்கிறார். கலவரத் தடுப்புக் காவலர் பிணம் முன்பக்கத் தோட்டாவுக்கு அசையாது. தள்ளித் திருப்பி முதுகில் அடிக்க வேண்டும்.

இங்கே ஒரு தடை. 1998-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2-இல் லிக்கர் என்றொரு ஜந்து; 2013-இல் வந்த த லாஸ்ட் ஆஃப் அஸ்ஸில் கிளிக்கர் என்றொரு நோயாளி. இரண்டுக்கும் கண் இல்லை, காது மட்டும் மிகக் கூர்மை. அடுக்கில் கண் நான்காவது, செவி ஐந்தாவது ஆயிற்றே. நான்காம் படி இல்லாமல் ஐந்தாம் படியில் ஏறியது எப்படி எனின், உயிருள்ளவை கீழிருந்து மேலே ஏறும், செத்தவை நடுவில் பொத்தல் விழுந்து நிற்கும் என்க. இவ்விரண்டையும் நெருங்கும்போது இறக்க விதி துல்லியமாகச் செயல்படுவதைக் காணலாம்: ஆட்டக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் யாராவது கூப்பிட்டால்கூடப் பதில் சொல்லாமல், தாமும் காது மட்டுமேயாகி நகர்கிறார்.

பாடபேதம் பற்றியும் குறித்துவைக்க வேண்டும். 2009-இல் ஆஸ்திரேலியத் தணிக்கை வாரியம் லெஃப்ட் 4 டெட் 2-க்கு அனுமதி மறுத்தது. பிறகு, வெட்டிய உறுப்புகள் தெறிக்காமலும் விழுந்த உடல்கள் சீக்கிரமே மறைந்துபோகுமாறும் திருத்திய பதிப்பு அங்கே விற்பனைக்கு வந்தது. மூலபாடத்துக்கு 2014-இல்தான் வழி பிறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆஸ்திரேலிய வாள்காரர்கள், வீசியது பட்டதா படவில்லையா என்ற தத்துவச் சிக்கலோடு வாழ்ந்தனர்.

ஆறாம் அறிவுக்கு வருவோம். மூவர் உரிமை கோருகின்றனர். முதலாவது ஏஐ டைரக்டர். இதற்கு உடம்பு கிடையாது. நான்கு பேரும் எவ்வளவு பதற்றத்தில் இருக்கிறார்கள் என்பதை ஆட்டம் முழுக்க அளந்துகொண்டே இருந்து, எப்போது கூட்டத்தை ஏவுவது, எப்போது மூச்சுவிட விடுவது என்று முடிவு செய்யும் நிரல் அது. மனம் உண்டு, மற்ற ஐந்தும் இல்லை. அடித்தளம் இன்றி ஆறாம் மாடி மட்டும் கட்டியவர் என்பதால் இக்கோரிக்கை தள்ளப்படுகிறது.

இரண்டாவது விட்ச். ஒதுக்குப்புறத்தில் தனியே உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். டார்ச் வெளிச்சம் மேலே பட்டாலோ அருகில் போய் நின்றாலோ சீறத் தொடங்குவாள். சீண்டியவர் யாரோ அவரை மட்டும் துரத்துவாள். பக்கத்தில் நிற்கும் மூவரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. சீண்டியவர் கதை முடிந்ததும் ஓடி மறைந்துவிடுவாள். குற்றவாளியைக் கூட்டத்திலிருந்து பிரித்தறிதல், நிரபராதியைத் தொடாதிருத்தல், தீர்ப்பை அன்றே நிறைவேற்றுதல் ஆகிய மூன்றும் இவளிடம் ஒருங்கே அமைந்துள்ளன. இது மனம் அன்று, நீதி என்பர் ஒரு சாரார். வாளோடு இவளிடம் போய் வாதிட்டவர்கள் மேல்முறையீடு செய்யும் நிலையில் இல்லை.

மூன்றாவதே நம் முடிவு. 2010 ஏப்ரலில் சேர்க்கப்பட்ட த பாஸிங் பகுதியில் ஒரு பிணம் வரும். நம்மைப் போலவே தப்பித்துப் போக முயன்று வழியில் இறந்த ஒருவன். முதலுதவிப் பெட்டி, வலி மாத்திரை, பெட்ரோல் குண்டு என்று அவன் சேர்த்தவை இன்னும் உடம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். மற்றப் பிணங்கள் வாளைக் கண்டு வாளை நோக்கி ஓடிவருகின்றன. இவன் அடி பட்டதும் திரும்பி ஓடுகிறான். வலியை உணர்ந்து, காரணத்தை அறிந்து, எதிர்காலத்தைக் கருதி, சொத்தையும் விடாமல் ஓடும் ஒரே பிணம். ஆறறிவு ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட்டது.

இறக்க விதியின்படி, இவனை நெருங்குபவரும் ஆறறிவிலேயே நிற்க வேண்டும். களத்தில் கண்டது வேறு. அவன் இடுப்பில் தொங்கும் மாத்திரைப் புட்டியைப் பார்த்த வாள்காரர், நண்பர்கள் கத்தக் கத்த, வாளை ஓங்கியபடி இருட்டுச் சந்துக்குள் துரத்திக்கொண்டு போகிறார். முன்னால் ஓடுகிறவனுக்கு ஆறு. பின்னால் ஓடுகிறவருக்கு எத்தனை என்று எண்ணி முடிப்பதற்குள், கூரை மேலிருந்து ஸ்மோக்கரின் நாக்கு வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.