பல்லிளித்த வெண்மை

லக்னோ நவாப் வாஜித் அலி ஷா 1856 மே மாதம் கல்கத்தாவில் வந்து இறங்கினார். ராஜ்ஜியத்தைக் கம்பெனிக்காரனிடம் பறிகொடுத்துவிட்டு, லண்டனுக்கே போய் விக்டோரியா மகாராணியிடம் நியாயம் கேட்கிறேன் பார் என்று கிளம்பியவர். கல்கத்தா வந்ததும் உடம்புக்கு முடியவில்லை. லண்டனுக்கு அம்மாவை அனுப்பிவிட்டு, கல்கத்தாவின் மட்டியாபுர்ஜ் பகுதியில் ஜாகையைப் போட்டுக்கொண்டார். கூடவே சமையல்காரர்கள், பாட்டுக்காரர்கள், காற்றாடி விடுகிறவர்கள், ஒரு மிருகக்காட்சிசாலை, எண்ணி மாளாத மனைவிமார்கள். பிரியாணிக்குள் உருளைக்கிழங்கு வந்தது இவர் புண்ணியத்தில்தான் என்று கொல்கத்தாக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். உருளைக்கிழங்கை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது அந்தக் கூட்டத்துப் பெண்களின் பல்.

அது கறுப்பு.

கவனிக்காமல் விட்டதால் வந்த கறுப்பு அல்ல; காசு கொடுத்து, ஆசை ஆசையாகப் பூசிக்கொண்ட கறுப்பு. மிஸ்ஸி என்று ஒரு பொடி. கடுக்காய், மாசிக்காய், இரும்புத்தூள், துத்தம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் இடித்துச் சேர்த்தது. காயின் துவர்ப்பும் இரும்பும் கூடினால் அட்டைக் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்து எழுத்து மை பிறந்ததும் இந்தக் கூட்டணியில்தான். ஆக, கல்கத்தா வில்லியம் கோட்டை குமாஸ்தா பேனாவில் தொட்டதும், மட்டியாபுர்ஜ் நாட்டியக்காரி பல்லில் தேய்த்ததும் ஏறக்குறைய ஒரே சரக்கு. ஒரு தவாயிஃப், அதாவது ஆடல்பாடல் கணிகை, தொழிலுக்கு வருகிறாள் என்று ஊருக்கு அறிவிக்கும் சடங்குக்கே மிஸ்ஸி என்றுதான் பெயர். வங்காளத்துக் குடும்பப் பெண்களும் சளைக்கவில்லை. அவர்களும் மிஷி இட்டுக்கொண்டார்கள். உதட்டில் வெற்றிலைச் சிவப்பு, பல்லில் மைக்கறுப்பு. அவர்கள் முன்னால் போய், "ஏழே நாளில் பளீர் வெள்ளை, அம்மணி" என்று யாராவது கூவியிருந்தால் செருப்பு பறந்திருக்கும். ஜப்பானில் மகாராணியே 1873 வரை பல்லைக் கறுப்பாகத்தான் வைத்திருந்தார். வெள்ளைப் பல் நாய்க்கும் பேய்க்கும் என்பது வியட்நாம்காரர்களின் கட்சி.

இந்தக் கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. "பல் என்றால் வெள்ளை, வெள்ளை என்றால் ஆரோக்கியம்" என்று நாம் நம்புவதுதான் எல்லா மூடநம்பிக்கைக்கும் தாய். நல்ல பல்லுக்கு லேசான மஞ்சள் இயற்கை. மேலே இருக்கும் எனாமல் ஒளியை ஓரளவு உள்ளே விடும். அடியில் இருக்கும் டென்டின் பிறவியிலேயே மஞ்சள். எனாமலைச் செய்து கொடுத்த செல்கள் பல் முளைத்ததோடு வேலையை முடித்துக்கொண்டு போய்விடும், திரும்ப வருவதில்லை. தேய்த்துத் தேய்த்து அதை மெலிய வைத்தால் அடி மஞ்சள் தூக்கலாகத் தெரியும். ஐயோ மஞ்சளாகிறதே என்று மனுஷன் இன்னும் அழுத்தித் தேய்ப்பான். மனித குலத்தின் பல் வரலாறு மொத்தமும் இந்த ஒரு சுற்றுதான்.

வெள்ளைப் பைத்தியம் ரோமாபுரியிலேயே இருந்தது. எக்னேஷியஸ் என்ற ஸ்பெயின்காரன் எழவு வீட்டில்கூடப் பல்லைக் காட்டுகிறான், அந்தப் பளபளப்பு மூத்திரத்தில் கொப்பளித்து வந்தது என்று கட்டலஸ் என்ற கவிஞர் கவிதையே எழுதி மானத்தை வாங்கினார். பழைய மூத்திரத்தில் அமோனியா உண்டு. ரோமாபுரிச் சலவைக்காரர்கள் துணிக்கே அதைத்தான் பயன்படுத்தினார்கள். அழுக்கு போயிருக்கும். பக்கத்தில் பேச வந்தவர்களும் போயிருப்பார்கள். பிற்பாடு ஐரோப்பாவில் நாவிதர்களே பல் வைத்தியர்களானபோது, அரத்தால் ராவிவிட்டு நைட்ரிக் அமிலத்தைத் தடவினார்கள். அன்று மாலை விருந்துக்கு வெள்ளை; சில வருஷத்தில் கஞ்சி.

நம் பக்கம் இத்தனை கொடூரம் கிடையாது, சோம்பேறித்தனமான கொடூரம்தான். உமிக்கரி, உப்பு, செங்கல்தூள், சாம்பல். வங்காளத்தில் வரட்டிச் சாம்பல், கங்கை மண். இன்றைக்கும் விடிகாலையில் பர்ராபஜார் பக்கத்துப் படித்துறைகளுக்குப் போனால் எல்லா யுகத்தையும் ஒன்றாகப் பார்க்கலாம். ஒருவர் வேப்பங்குச்சியை நுனி நாராகும்வரை மென்று, பிறகு அதை நடுவில் பிளந்து நாக்கை வழிப்பார். அடுத்தவர் ஆள்காட்டி விரலில் சிவப்புப் பொடியைத் தொட்டு, ஏதோ பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குகிற ஆவேசத்தில் அரைப்பார். மூன்றாமவர் சின்னத் தகர டப்பாவிலிருந்து குல் பொடியை எடுத்து ஈறில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். பல் துலக்குகிறாராம். குல் என்பது புகையிலை. பல்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்க்கக் கூடாது என்று இந்திய அரசு 1992-லேயே தடை போட்டது. தடை தன் பாட்டுக்கு இருக்கிறது, டப்பா தன் பாட்டுக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை பல் துலக்கினால்தான் நிம்மதி என்று ஒருவர் சொன்னால், அவர் சுத்தக்காரர் என்று அவசரப்பட்டுப் பாராட்டிவிடாதீர்கள்.

சுதேசிக் காலத்தில் இந்தத் துறைக்குள் வேதியியல் படித்தவர்கள் வந்தார்கள். 1916-ல் ககேந்திர சந்திர தாஸும் கூட்டாளிகளும் கல்கத்தா கெமிக்கல் கம்பெனியைத் தொடங்கி, வேப்ப மரத்தை மார்கோ சோப்பாகவும் நீம் டூத்பேஸ்ட்டாகவும் மாற்றினார்கள். வெள்ளைக்காரனை விரட்ட வேம்பு. வெள்ளைப் பல்லுக்கும் வேம்பு. கசப்பைச் சகித்துக்கொண்டதில் பாதி தேசபக்தி.

பல் வலி வந்தால் போக இடம்? சாகேப்களுக்குச் சாகேப் டாக்டர் இருந்தார். மற்றவர்களுக்கு நாவிதர், அல்லது சீனர். கல்கத்தாச் சீனர்களில் ஹக்காக்கள் தோலும் செருப்பும், கான்டன்காரர்கள் தச்சு வேலை என்று தொழில் பிரித்துக்கொண்டபோது, ஹூபே மாகாணத்துக்காரர்கள் பல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொண்டார்கள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சென்னையிலும் அந்த வம்சத்துச் சீனப் பல் வைத்தியர் பலகைகளைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள்.

இந்த நிலைமையில்தான் 1919-ல் ரஃபியுத்தீன் அகமது அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தார். கிழக்கு வங்கத்துக்காரர், அலிகாரில் படித்தவர், ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1915-ல் பல் மருத்துவப் பட்டம் வாங்கி, பாஸ்டனில் குழந்தைகளுக்கான ஃபார்சைத் பல் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். இந்தியாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது அவர் கனவு. கனவுக்குப் பணம் வேண்டுமே? அகமது என்ன செய்தார் தெரியுமா? கல்கத்தாவில் 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று கடை போட்டார். சர்க்கரைப் பாகு ஊற்றிய சோடா, ஐஸ்கிரீம். அந்த வருமானத்தில் 1920-ல் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் திறந்துவிட்டார்!

இந்த வியாபார மூளைக்கு எழுந்து நின்று கும்பிடு போட வேண்டும். சாயங்காலம் கடையில் இனிப்பைக் கொடுத்துப் பல்லைச் சொத்தையாக்கு. அந்தக் காசில் படித்து வந்த பையன் காலையில் அதே பல்லை அடைப்பான். கல்லாவும் அவருடையது, கல்லூரியும் அவருடையது. ஆனால் மனுஷன் காசு பார்க்க இதைச் செய்யவில்லை. 1949-ல் கல்லூரியை அப்படியே அரசாங்கத்திடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். இடையில் பல் மருத்துவச் சஞ்சிகை, மாணவர்களுக்குப் பாடப்புத்தகம். அப்புறம் மந்திரியும் ஆனார். முதலமைச்சர் பி.சி. ராய் டாக்டர், விவசாய மந்திரி பல் டாக்டர். அன்றைய மேற்கு வங்க அமைச்சரவையில் ஒரு கம்பவுண்டர்தான் பாக்கி. 1964-ல் பத்ம பூஷண். அவர் பிறந்த டிசம்பர் 24 தேசியப் பல் மருத்துவர் தினம். நமக்கோ டிசம்பர் 24 என்றால் பெரியார், எம்.ஜி.ஆர். நினைவு நாள், பல்லுக்கு எங்கே இடம்?

அந்தக் கல்லூரியின் ஆரம்பகால மாணவிகளில் ஒருவர் ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா. 1923-ல் பம்பாயில் கிளினிக் திறந்தார். பிற்காலத்தில் பாகிஸ்தானின் தேச அன்னை என்று கொண்டாடப்பட்டவர் பல் பிடுங்கக் கற்றுக்கொண்டது கல்கத்தாவில் என்பதை இரண்டு நாட்டுப் பாடப்புத்தகமும் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.

அகமது கல்லூரி திறந்த பிறகு நூறு வருஷத்தில் நாம் என்ன முன்னேறினோம்? உமிக்கரியை 'ஆக்டிவேட்டட் சார்க்கோல்' என்று டியூபில் அடைத்தோம். பாட்டி அடுப்பிலிருந்து சும்மா எடுத்தது. பேத்தி ஆன்லைனில் வாங்குகிறாள். கரி பல்லை வெளுக்கும், கெடுதல் செய்யாது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2017-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு ஆய்வுத் தொகுப்பு வந்தது. கரி மேல் கறையைச் சுரண்டும், அவ்வளவுதான். எலுமிச்சையும் உப்பும் இன்னும் மோசம். அமிலம் எனாமலை இளக்கிக் கொடுக்க, உப்பு அதை வழித்துக்கொண்டு போகும். வெளிநாட்டு ஃபேஷன், ஸ்ட்ராபெர்ரியும் சமையல் சோடாவும். அகமது படித்த அதே ஐயோவாவில் 2014-ல் சோ ரான் க்வான் என்ற பேராசிரியை இதைச் சோதித்தே பார்த்தார். மேலே ஒட்டியிருந்த அழுக்கு போனது, பல் வெளுக்கவில்லை. பழத்தைத் தின்றிருக்கலாம்.

வெண்மை தரும் பேஸ்ட்? பெரும்பாலும் மேல் கறையைத்தான் எடுக்கும். சிலவற்றில் நீலச் சாயம் இருக்கிறது: பழுப்பேறிய வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற அதே சூட்சுமம். பல் மாறுவதில்லை, பார்க்கிற கண் ஏமாறுகிறது.

இவ்வளவுக்கும் துணிகிற நம் ஜனங்கள் ஒன்றுக்கு மட்டும் பயப்படுவார்கள். கொல்கத்தா லேக் மார்க்கெட் தமிழ் மாமா ஒருவரிடம் "ஸ்கேலிங் பண்ணிக்கோங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். "க்ளீன் பண்ணினா பல் ஆடும்டா, இடைவெளி விழும், எனாமல் போயிடும்" என்பார். வாயில் உப்பும் கரியும் நுரைக்க நுரைக்கச் சொல்வார். இடைவெளி ஏற்கெனவே இருக்கிறது மாமா, பல்லில் படிந்து இறுகிய காரை அதை அடைத்துக்கொண்டிருக்கிறது. பல் ஆடுவதும் அந்தக் காரை ஈறையும் எலும்பையும் தின்றதால்தான். இன்னொன்று, ஸ்கேலிங் கறையையும் காரையையும் எடுக்கும். பல்லின் நிறத்தை மாற்றாது. வெள்ளையாகவில்லை என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

நிறத்தை நிஜமாகவே மாற்றும் சரக்கு கிடைத்தது ஒரு தற்செயலில். 1960களின் கடைசியில், அமெரிக்காவின் ஆர்கன்சாவில் கிளஸ்மியர் என்ற பல் வரிசை மருத்துவர், ஈறு புண்ணுக்காக கார்பமைடு பெராக்சைடை இரவில் வாய் அச்சில் ஊற்றி மாட்டிக்கொள்ளச் சொன்னார். ஈறும் ஆறியது, பல்லும் வெளுத்தது. 1989-ல் ஹேவுட், ஹேமன் இருவரும் இதை முறையாக எழுதினார்கள். 10 சதவிகித கார்பமைடு பெராக்சைடு. டாக்டர் பல்லுக்கு அச்சு எடுத்துக் கொடுக்கும் தட்டு. சில வாரப் பொறுமை. இதில் பல் கூச்சம் வரலாம், பெரும்பாலும் தானே அடங்கும். சொத்தையையும் ஈறு நோயையும் முதலில் சரிசெய்ய வேண்டும். போட்ட கேப்பும் அடைத்த ஃபில்லிங்கும் வெளுக்காது. நாளடைவில் நிறம் திரும்பும். மண்குவளைச் சாயா குடிக்கிறவர்களுக்குச் சீக்கிரமே திரும்பும். நீல விளக்கடியில் ஒரு மணி நேரத்தில் வெள்ளை என்கிறார்களே, விளக்கின் பங்கு சொற்பம். வாயை அத்தனை நேரம் பிளந்து வைத்தால் பல் உலரும். உலர்ந்த பல் வெளுத்துத் தெரியும். எச்சில் ஊறினால் அந்த வெண்மையில் ஒரு பங்கு கரைந்துவிடும்.

அகமதுவின் கல்லூரி இப்போது அவர் பெயரிலேயே, மௌலாலி பக்கம் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில், அரசு மருத்துவமனையாக இருக்கிறது. வெளுப்பதற்கு முன் அங்கேயோ உங்கள் ஊர்ப் பல் டாக்டரிடமோ ஒரு முறை வாயைத் திறந்து காட்டிவிடுங்கள். அதுவரை கந்தராஜ் எலுமிச்சையைப் பருப்புச் சோற்றில் பிழியுங்கள், பல்லில் வேண்டாம்.