இதோட செலவு முடிஞ்சுது!

கிளட்ச் பிளேட் மாற்றிய அன்று ஸ்ரீரங்கத்துப் பழைய கார்க்காரர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை: "இதோட செலவு முடிஞ்சுது சார். இனிமே அஞ்சு வருஷத்துக்கு பானட்டையே திறக்க வேண்டாம்." ரேடியேட்டர் மாற்றியபோதும் இதையேதான் சொன்னார். செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், லோயர் ஆர்ம் என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்தைந்து வருடமாகச் சேர்த்துக்கொண்டே போனால், அந்த மாருதி 800 இந்த நூற்றாண்டு முடியும்வரை பட்டறை வாசலை மிதிக்கக் கூடாது. அடுத்த மாதமே மிதிக்கிறது. ஊர் இவரைக் கஞ்சர் என்கிறது. அபாண்டம். கஞ்சனிடமிருந்து காசு பெயராது. இவரை நம்பி மெக்கானிக், டிங்கர், எலக்ட்ரீஷியன், லேத்துக்காரர் என்று நாலு குடும்பம் பிழைக்கிறது. இவருடைய கோளாறு வேறு. கழித்தல் நன்றாக வரும், கூட்டல்தான் வராது.

கழித்தலைப் பாருங்கள். ஆறு லட்சம் கடன் வாங்கி, 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 12,450 ரூபாய். இந்த எண் அவருக்கு மனப்பாடம். பட்டறையில் 8,000 ரூபாய்க்கு பில் வந்தால், 12,450-இல் 8,000 போக 4,450 லாபம். ரிப்பேர் வராத மாதம் முழுசும் லாபம். இப்படிப் பத்து வருடமாகச் சம்பாதித்ததில் ஒரு புதுக் காரை ரொக்கமாகவே வாங்கியிருக்கலாம். பாஸ்புக்கில்தான் அந்த லாபம் இன்னும் ஏறவில்லை. கட்டாத தவணையை மாதாமாதம் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் போட்டு, பட்டறைச் செலவையும் அதிலிருந்தே எடுத்திருந்தால் இவர் சொல்வது கணக்கு. போடாதவரைக்கும் வெறும் ஆறுதல். ஏன் போடவில்லை என்றால், செலவுதான் முடிந்துவிட்டதே, தனியாக எதற்கு எடுத்து வைப்பது?

வண்டியை விற்க விடாததும் இதே நம்பிக்கைதான். ஏ.சி. கம்ப்ரஸர் போனபோது விற்றுவிடலாமே என்றால், "ஏ.சி. ஓடாத வண்டியை எவன் வாங்குவான்?" சரி, மாற்றியாயிற்றே, இப்போது விற்கலாமே என்றால், "இப்பத்தானே மாத்தினேன், அடுத்தவன் அனுபவிக்கவா?" செலவுக்கு முன்னால் வண்டிக்கு யோக்கியதை இல்லை, செலவுக்குப் பின்னால் இவருக்கு மனசில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. கியர்பாக்ஸை இறக்கியதுதான் இறக்கியாச்சு, ஆயில் சீலையும் பார்த்துடலாம் சார் என்பார் மெக்கானிக். ஆயில் சீல் மாற்றப் போன இடத்தில் மவுண்டிங் ரப்பர் வெடித்திருக்கும். 2014 ஜனவரியோடு மாருதி 800 தயாரிப்பே நின்றுவிட்டது. இங்கே கிடைக்காத சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. அங்கே வாங்கிய பழைய பாகத்துக்கும் ஐந்து வருட ஆயுளை இவரே எழுதிக் கொடுத்துவிடுவார். பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும் சமயத்தில் டிங்கரிங், பெயின்டிங், புது சீட் கவர் என்று வண்டிக்குச் சஷ்டியப்தபூர்த்தியே நடக்கும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. இவருடைய ஐந்து வருட வாக்கு உண்மையிலேயே பலிப்பது இந்த ஒரு செலவில்தான். புதுப்பித்த ஆர்.சி. ஐந்து வருடம் செல்லும்.

"புது வண்டி மட்டும் சும்மா ஓடுதா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. நான்கு வருடம் தாண்டிய காருக்கு இன்ஷூரன்ஸ்காரர்களே விலையில் 50 சதவீதத்தைக் கழித்துவிடுகிறார்கள். எட்டு லட்சம் கொடுத்து வாங்கியது ஐந்தாவது வருடத்தில் அவர்கள் ஏட்டில் நாலு லட்சம். ஒன்றும் ரிப்பேராகாமல், ஷெட்டில் நின்றபடியே போன பணம் இது. வருடத்துக்கு 80,000 ரூபாய் பழைய மாருதியின் பட்டறைச் செலவுக்குத் தாராளமாகப் போதும். ஆகவே மொத்தக் கணக்கில் இவர் ஜெயிக்கவும் கூடும் என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். கூட்டிப் பார்த்து ஜெயித்திருந்தால் பாராட்டலாம். கூட்டாமல் ஜெயிப்பவர் எந்த இடத்தில் தோற்கிறோம் என்பதையும் கவனிக்க மாட்டார். செலவு முடிந்துவிட்டது என்று நம்புகிறவருக்குச் சில நூறு ரூபாய் ரேடியேட்டர் ஹோஸ் கண்ணில் படாது. கூலன்ட் வாங்குவது தண்டம், போர் தண்ணீர் போதும். நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றி எறி. உள்ளே உப்புப் படிந்து அடைத்து, ஹோஸ் பிய்ந்து, இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டை லேத்துக்குத் தூக்கிய பிறகுதான் "இதோட செலவு முடிஞ்சுது" திரும்பவும் கேட்கும்.

எல்லா வாதமும் தீர்ந்த பின் இவர் கை நீட்டுவது முக்கொம்பு மேலணையைப் பார்த்து. "1836-ல வெள்ளைக்கார இன்ஜினீயர் காட்டன் கட்டினான் சார். பழசுன்னா அப்படி." மேலணை உதாரணம் இவர் பக்கம் பேசுமா என்பது சந்தேகம். பள்ளத்தில் ஓடும் கொள்ளிடம் காவிரித் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டு போனதைத் தடுக்கக் கட்டிய அணை அது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. மணல் அள்ளியதால் வந்த வினை என்றார்கள் விவசாயிகள். பழைய கட்டுமானம், தண்ணீரின் அழுத்தம் என்றது அரசு. யார் சொன்னது சரியென்றாலும், 180 வருடத்துக்கு மேல் நின்றது என்பது அடுத்த வருடத்துக்கு உத்தரவாதம் ஆகவில்லை. மணல் மூட்டையும் பாறாங்கல்லும் போட்டுத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, 387 கோடி ரூபாய்க்குப் புதுக் கதவணையே கட்ட வேண்டி வந்தது. அரசாங்கத்துக்காவது பட்ஜெட் இருக்கிறது.

இவ்வளவும் அவர் வண்டி, அவர் காசு, உமக்கென்ன என்று கேட்கலாம். காசோடு நின்றால் ஒன்றுமில்லை. ஆடிப்பெருக்கு நெரிசலில் கரூர் ரோட்டில், ஜீயபுரம் தாண்டினதும் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆவி விட்டபடி நிற்கும் பழைய கார்களின் பின் சீட்டைப் பார்க்க வேண்டும். மடியில் புளியோதரைத் தூக்கோடு வீட்டம்மா. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரெல்லாம் ரேடியேட்டருக்குப் போய்விட்டதால் அழும் குழந்தை. வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளத் தயாராகும் மாப்பிள்ளை. தவணை மிச்சம் பிடிக்கிற லாபத்தில் இவர்களுக்குப் பைசா பங்கில்லை. அந்தக் கணக்கில் இவர்கள் பெயரே வருவதில்லை. இது சிரிக்கிற விஷயமில்லை, சார். வெயிலில் நிற்பவர்களின் நேரமும் ஒரு செலவுதான்.

ஆனாலும் விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமென்றால் தெருவே இவர் கதவைத்தான் தட்டுகிறது. சீட்டில் பிளாஸ்டிக் உறை கழற்றாத எதிர்வீட்டுப் புதுக் காரிடம் யாரும் கேட்பதில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே இறங்கி வருவார்; வண்டி அன்றைக்கு எடுத்துவிட்டால் தெருவுக்கே சந்தோஷம். பழைய வண்டியை அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் உடைக்கக் கொடுத்தால் புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கும், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் புதுக் காருக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை உண்டு என்கிறது 2021-இல் வந்த கொள்கை. அதையும் இவரிடம் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கலாம். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாலு டயரும் போன மாசம்தான் போட்டது. அதுக்குத் தனியா ஏதாவது தருவாங்களா?" என்பார்.