நண்டும் கைபேசியும்: இரவுச் சாப்பாட்டில் பேச்சு நிகழும் இடைவெளிகள் குறித்து ஓர் ஆய்வு

இயல் 1: ஆய்வு நோக்கமும் எல்லையும்

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பம் ஒன்று இரவு எட்டரை மணிக்குச் சாப்பிட உட்காருகிறது. தட்டுக்கு ஒரு கைபேசி, கூடத்துக்குப் பொதுவாக ஒரு டிவி. இந்நிலையில் பேச்சு எங்கிருந்து பிறக்கிறது, பிறக்காவிட்டால் ஏன் பிறக்கவில்லை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலைச் சிற்றுண்டி நின்றபடியே விழுங்கப்படுவதாலும், மதிய உணவு டிபன் பாக்ஸில் ஏறி வீட்டைவிட்டு வெளியேறிவிடுவதாலும் அவ்விரண்டும் ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கின்றன. கல்யாணப் பந்தியும் விலக்கப்பட்டுள்ளது. அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் கைபேசியை எடுக்கும் துணிவு யாருக்கும் வருவதில்லை.

திணைக் கோட்பாட்டைப் பொருத்திப் பார்க்காத தமிழ் ஆய்வு நிறைவு பெறாது என்பதால் அக்கடமையும் ஈண்டு முடிக்கப்படுகிறது. நிலம், கூடம். பொழுது, சீரியல் தொடங்கும் நேரம். கருப்பொருள், சார்ஜர், ரிமோட், ஊறுகாய் பாட்டில். உரிப்பொருளில்தான் சிக்கல். முல்லைக்குரிய இருத்தலும் பாலைக்குரிய பிரிதலும் ஒரே சோபாவில் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. தொல்காப்பியர் இதற்கு விதி வகுக்கவில்லை. அவர் காலத்தில் சோபா இல்லை.

இயல் 2: முன்னோர் கருத்தும் மறுப்பும்

“அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசிச் சிரிச்சு சாப்பிட்டோம்” என்பது இத்துறையில் பரவலாக நிலவும் முன்னோர் கருத்து. அதைச் சொன்ன தாத்தாவிடமே குறுக்கு விசாரணை நடத்தப்பட்டது. முதலில் ஆண்கள் சாப்பிட்டார்கள், பெண்கள் பரிமாறினார்கள் என்று அவர் ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் வாயைத் திறந்தால் “பேசாம சாப்பிடு, பொரையேறும்” என்று அதட்டப்பட்டது உண்மையா என்றதற்கு, “அது ஒழுக்கம்” என்றார்.

எல்லாரும் எழுந்து கை கழுவிய பிறகு, அடுப்படியில் மீதமிருந்த குழம்பைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் மட்டுமே பேசிச் சிரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அங்கே தாத்தா இருந்ததில்லை. ஆகவே அவருடைய கருத்து கேள்விப்பட்ட சாட்சி என்ற அளவிலேயே ஏற்கப்படுகிறது. வீட்டுப் பேச்சைக் கைபேசிதான் கொன்றது என்ற குற்றச்சாட்டும் இதனால் வலுவிழக்கிறது.

இயல் 3: இடைவெளிக் கோட்பாடு

திரை என்பது புதிதன்று. பிள்ளைக்குச் சோறூட்டத் தமிழ்த் தாய்மார் முதலில் பயன்படுத்திய திரை நிலா. விட்டம் ஏறத்தாழ 3,474 கிலோமீட்டர், சந்தா கிடையாது, அமாவாசையன்று ஒளிபரப்பு இல்லை. ஆனால் நிலா வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் பாட்டியையும் வடையையும் காக்காயையும் அம்மாதான் இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. திரை சும்மா இருந்ததால் அம்மா பேசினாள். இதிலிருந்து இவ்வாய்வின் ஒரே விதி பெறப்படுகிறது: திரை எவ்வளவு இடைவெளி விடுகிறதோ, வீட்டில் அவ்வளவு பேச்சு நிகழும்.

இவ்விதி பிற்காலத் திரைகளிலும் சோதிக்கப்பட்டது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலை சினிமா. தெருவில் டிவி இருந்த ஒரு வீட்டில் தெருவே உட்கார்ந்தது. முக்கியமான கட்டத்தில் படம் நின்று “தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்ற அட்டை தோன்றும். அதற்காகத் தூர்தர்ஷன் வருந்தியிருக்க வேண்டியதில்லை. அந்த அட்டை நின்ற நேரத்தில்தான் வில்லன் யாரென்று விவாதிக்கப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கும் செய்தி பரவியது.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. பின்னாலேயே மெகா சீரியல்கள் வந்தன. இங்கே இடைவெளியின் பெயர் விளம்பரம். கதாநாயகியின் கண்ணீர் வழியும்போது தட்டில் சாம்பார் தீர்ந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். சோப்பு விளம்பரம் வந்ததும் ரசம் ஊற்றப்படும், பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டிய பணம் நினைவுக்கு வரும், சீரியலில் வரும் மாமியாரைத் திட்டும் சாக்கில் வீட்டிலிருக்கும் மாமியாருக்கும் ஒரு செய்தி அனுப்பப்படும். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கியபோது, இந்த விளம்பர இடைவேளைகளும் சேர்ந்தே வழங்கப்பட்டன என்பதைப் பொருளாதார அறிஞர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் இடைவெளி பல மணி நேரமாக நீண்டது. மொட்டைமாடியில் பாய் விரித்துப் பேசிய பேச்சு போதும் போதும் என்று மக்களே கெஞ்சும் அளவுக்கு வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை வாரி இறைத்ததோடு இடைவெளிகளின் காலமே முடிந்தது. கைபேசிக்குள் பேட்டரி இருப்பதால் மின்வெட்டு அதை ஒன்றும் செய்யாது. ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானே ஓடும். யூடியூபில் விளம்பரம் வந்தாலும் பலவற்றை ஐந்து விநாடியில் தள்ளிவிடலாம். ஐந்து விநாடியில் “இன்னும் கொஞ்சம் சாதம் போடவா?” என்று கேட்க முடிகிறது, பதில் வருவதற்குள் விளம்பரம் முடிந்துவிடுகிறது.

இயல் 4: இடக்கையின் எழுச்சி

நூற்றாண்டுகளாகத் தமிழன் சாப்பிடும்போது இடக்கை வேலையற்றுத் தொடைமேல் கிடந்தது. அதற்கு முதன்முதலில் வேலைவாய்ப்பு வழங்கியது கைபேசி. கத்தியும் முள்கரண்டியுமாகச் சாப்பிடும் நாட்டினருக்கு இந்த வசதி இல்லை. ஆகவே உலகிலேயே சாப்பாட்டு நேரக் கைபேசிக்கு இயற்கையாகவே பொருந்தியவர் கையால் பிசைந்து உண்பவரே என்று பெருமிதத்துடன் நிறுவப்படுகிறது.

எனினும் எல்லா உணவும் இதற்கு ஒத்துழைப்பதில்லை. ஆய்வில் நான்கு வகைகள் கண்டறியப்பட்டன.

முதல் வகை, கண்ணே வேண்டாதவை. தயிர்சாதம், உப்புமா. இவற்றை என்ன சாப்பிட்டோம் என்றே தெரியாமல் முடிக்கலாம்.

இரண்டாவது, கண் வேண்டுபவை. முள்ளுள்ள மீன் இவ்வகை. மத்தியைத் தின்றபடி ரீல்ஸ் பார்த்தவருக்கு வெறும் சோற்றை உருண்டை பிடித்து விழுங்கச் சொல்லி வைத்தியம் பார்க்கப்படும். அப்போது குடும்பமே பேசும், ஒரே நேரத்தில்.

மூன்றாவது, ஈரம் மிகுந்தவை. விரல் பட்டால் தன் மின்புலத்தில் உண்டாகும் மாற்றத்தை வைத்தே தொடுதிரை வேலை செய்கிறது. ரசம் சொட்டும் விரல் பட்டால் எங்கே தொட்டார்கள் என்று அதற்குக் குழம்பிவிடும். பெரியப்பாவின் இரங்கல் செய்திக்குச் சிரிப்பு பொம்மை போவது பெரும்பாலும் ரசத்தின்போதுதான்.

நான்காவது வகையே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு: இரண்டு கையும் வேண்டுபவை. நண்டு அவற்றின் அரசன். காலை ஒடிக்க வேண்டும், ஓட்டைப் பிளக்க வேண்டும், சதையைத் தோண்ட வேண்டும். மசாலா மணிக்கட்டு வரை ஏறியிருக்கும். அழைப்பு வந்தாலும் எடுக்க வழியில்லை. நண்டு விடும் இடைவெளியைத் தள்ளிவிட முடியாது. அந்த இடைவெளியில்தான் மகள் வேலை மாறப்போவதைச் சொன்னாள். தம்பிக்கு அரியர் இருப்பதும் அப்போதுதான் வெளிவந்தது. சைவ வீடுகளுக்கு அவித்த வேர்க்கடலையும் பனங்கிழங்கும் பரிந்துரைக்கப்படுகின்றன.

இயல் 5: பரிந்துரையும் வாய்மொழித் தேர்வும்

எனவே வாரம் ஒரு இரவேனும் நண்டு சமைக்கப்பட வேண்டும் என்ற பரிந்துரையுடன் ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டது. புறத்தேர்வாளராக அம்மா அமர்ந்தார். கருதுகோள், தரவு, திணைப் பொருத்தம் ஆகியவற்றில் அவருக்குக் கேள்வி இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “நண்டைக் கழுவி, ஒடச்சு, சுத்தம் பண்றது யாருடா?”

ஆய்வாளரிடம் பதில் இல்லை. குடும்பத்தின் உரையாடலை மீட்கும் செலவு முழுவதும் ஒரே ஆளின் தலையில் ஏற்றப்பட்டிருப்பது அப்போதுதான் அவையோருக்குத் தெரியவந்தது. அடுப்படியில் கடைசியாகச் சாப்பிட்டவர்களைத் தாத்தா மறந்ததும் இதே வகைப் பிழைதான் என்று தேர்வாளர் குறிப்பெழுதினார். ஆய்வேடு திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

திருத்திய பரிந்துரை வருமாறு. நண்டைச் சுத்தம் செய்யவும் இரண்டு ஈரக் கைகள் தேவை. எனவே அவ்வேலையைக் குடும்பத்தினர் அனைவரும் செய்தால், பேசுவதற்கான இடைவெளி தட்டுக்கு வருமுன் அடுப்படியிலேயே தொடங்கிவிடும். இருவேளைப் பேச்சு ஒரே நண்டில் கிடைக்கும். இத்திருத்தம் ஏற்கப்பட்டது. களப்பணி வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு மீன் மார்க்கெட்டில் தொடங்குகிறது; பையையும் பணத்தையும் ஆய்வாளரே கொண்டுவர வேண்டும்.