மறுசோற்று மீமாம்சை: நேபாள இல்லத்து விருந்தைப் பற்றிய சாஸ்திரீய விசாரம்

மலைகளின் உயரத்தை அளப்பதிற் காட்டிய சிரத்தையில் நூறில் ஒரு பங்கை உலகத்து வித்வான்கள் சோற்றின் உயரத்தை அளப்பதிலும் காட்டியிருந்தால், இக்கட்டுரை எழுத வேண்டிய அவசியமே நேர்ந்திராது. சகர்மாதா என்று நேபாளத்தார் வழங்கும் எவரெஸ்டு சிகரம் 8,848 மீட்டர் என்று 1955-இல் இந்திய நில அளவையினர் கணக்கிட்டனர். 2020-இல் நேபாளமும் சீனாவும் ஒருங்கே கூடி அதை 8,848.86 என்று அறிவித்தன. எண்பத்தாறு சென்டிமீட்டருக்காக அவ்வளவு பேர் பனியில் ஏறி இறங்கியிருக்க, அதே நாட்டில், காத்மாண்டுவுக்குக் கிழக்கே துலிகேலை அடுத்த மலைச்சரிவு வீடுகளில், நாள்தோறும் காலையில் விருந்தினன் தட்டில் எழும்பி, பருப்பு வெள்ளத்திற் சரிந்து, சரிந்த இடத்திலேயே மறுபடியும் எழும்பும் வெண்சிகரத்தை அளந்து குறித்தார் ஒருவருமிலர். அக்குறையைப் போக்குதலே எம் நோக்கம்.

முன்னோர் மொழிந்தவற்றை எடுத்தோதிப் பின்னர் அவற்றை மறுப்பது ஆராய்ச்சி மரபு. இவ்விஷயத்தில் எமக்குக் கிடைத்த முன்னோர் மொழி, காத்மாண்டுவின் தமேல் கடைவீதியிற் பனியன்களில் அச்சிட்டு விற்கப்படும் 'தால் பாத் பவர், 24 அவர்' (தால் பாத்: பருப்பும் சோறும்) என்னும் வாசகம் ஒன்றே. இத்துறையில் இதுகாறும் வெளிவந்தவற்றுள் மிகச் சுருக்கமானதும், துவைக்கத் தக்கதும் அதுவே. எனினும் ஆதாரம் இல்லை என்பதற்காக மேற்கோளைக் குறைத்துக்கொள்வது சபை மரியாதைக்கு ஒவ்வாது ஆகலின், விருந்து நடந்த வீட்டாரையே மூலநூல்களாகக் கொண்டு மேற்செல்வோம். ஆமா என்று யாவரும் அழைக்கும் இல்லத்தலைவி, அவருடைய மாமியாராகிய ஹஜுர்ஆமா, புஹாரி எனப்படும் மருமகள், அவள் பெற்ற கடைக்குட்டி, கதவோரத்துப் பூனை ஆகியோர் அவர். இவர்களுள் நூலெழுதினார் எவருமிலர். ஆதலின் ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்று மறுக்கும் இடங்கள் மிகச் சிலவே.

காலம் முதலில் ஆராயத்தக்கது. நேபாளத்துக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்குப் பதினைந்து நிமிஷம் முந்தி ஓடுவது. 1986 முதல் அது கிரீன்விச்சுக்கு 5 மணி 45 நிமிஷம் முன்னால் நிற்கிறது. கௌரீசங்கர் மலையை ஒட்டிய தீர்க்கரேகையே இதற்குக் காரணம் என்பர் பூகோள நூலார். பசியே காரணம் என்பது எம் சித்தாந்தம். ஏனெனில் அங்கே சோறு காலை ஒன்பது, பத்து மணிக்கே உண்ணப்படுகிறது; அதன் பின்னரே அலுவலகமும் வயலும். பிற்பகலில் 'காஜா' என்னும் சிற்றுண்டி, பெரும்பாலும் சியுராவாகிய அவல். இருட்டியபின் மீண்டும் சோறு. காலையில் தேநீரும் பிஸ்கோத்தும் தந்தபோதே அதைச் சிற்றுண்டி என்று நம்பி இரட்டிப்பாகத் தின்றுவிட்டு, ஒரு மணி நேரத்தில் முழுச் சாப்பாட்டின் முன் உட்கார வைக்கப்பட்ட வெளியூராரின் முகபாவங்கள் தனியே ஆராயத்தக்கவை (காண்க: ஹஜுர்ஆமா, புருவ நெரிப்பு, இடப்பக்கம்).

ஆசனம்: பிர்கா என்னும் மணை, அல்லது குந்த்ரி என்னும் வைக்கோற்பாய்.

பாத்திரம்: விருந்தினனுக்கு வெண்கலம், வீட்டாருக்கு எவர்சில்வர்.

பதார்த்தங்களுள் சோறும் பருப்பும் பிரதானம். தர்காரி என்னும் காய்கறியும் கீரையும் பரிவாரம். பருப்பைப் பற்றி மாத்திரம் சிறிது நிற்க வேண்டும். கறுப்பு உளுந்தை இரும்புச் சட்டியில் வேகவைத்து, அது குழைந்து கருங்குளம் போலத் தளதளக்கும் வேளையில், புஹாரி ஒரு சிறு கரண்டியில் நெய்யைக் காய்ச்சி, முஸ்தாங்கின் வறண்ட மேட்டுநிலத்தில் விளைந்து உலர்ந்து வரும் ஜிம்பு என்னும் பூண்டினத்துத் தழையில் ஒரு சிட்டிகையை அதில் இட்டாள். அது பச்சை மாறிக் கறுக்கும் அந்தக் கணத்தில், கறுத்துவிட்டால் கசக்கும், கறுக்காவிட்டால் மணக்காது என்னும் அந்தக் கணத்தில், கரண்டியோடு பருப்புக்குள் அமிழ்த்தி மூடியால் அடைத்தாள், 'சுரீர்' என்ற ஒலி மூடிக்குள் அடங்கியது, மணம் அடங்கவில்லை. பூனை எழுந்து உட்கார்ந்தது (பூனை, மௌன பாஷ்யம், மீசைப் பிரகரணம்). குந்த்ருக் என்பது கடுகு, முள்ளங்கி முதலியவற்றின் இலைகளை வாடவிட்டு, கசக்கி, பானையில் இறுக்கித் திணித்துப் புளிக்கவைத்து, மறுபடியும் வெயிலில் உலர்த்தி எடுத்துக் குழம்பாக்குவது, புளியில்லாமலே புளிப்பு. டிண்டோ என்பது கேழ்வரகு மாவிலோ பாபர் என்னும் மலைத்தானிய மாவிலோ கிண்டும் களி; களியுண்டு வளர்ந்த தமிழருக்கு அதை விளக்குதல் வீண். ஏழைகளின் உணவு என்று அதை ஒதுக்கி, விருந்தினனுக்கு நெற்சோறே கௌரவம் என்று கருதிய நகரத்தார், இன்று உணவுச்சாலையில் அதற்கே கூடுதல் விலை கொடுத்து உண்டு, பாரம்பரியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அசார் என்னும் துவையல் காரமாயிருந்தது.

இனி இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாகிய மறுசோற்றுப் பிரகரணத்துட் புகுவோம். சோறு பரிமாறும் தட்டைக் கரண்டிக்குப் பன்யு என்றும், பருப்பு மொள்ளும் குழிக்கரண்டிக்கு டாடு என்றும் பெயர். தட்டில் சோறு பாதி குறைந்ததும், சிற்சில வேளைகளிற் குறைவதற்கு முன்பே, ஆமா பன்யுவோடு தோன்றி, 'பாத் தபூம், பாபு?', அதாவது 'இன்னும் சோறு போடட்டுமா, தம்பி?' என்று கேட்பார். இது வினாவின் வடிவில் உள்ளதேயன்றி வினா அன்று. விடை பிறப்பதற்குள் சோறு விழுந்துவிடும். சாம்பார், ரசம், மோர் என்று படிப்படியாக இறங்கும் தென்னாட்டுப் பந்தியிற் பழகியவன், முதற்சோற்றை அடக்கமாக உண்டு ரசத்துக்கென்று வயிற்றில் இடம் ஒதுக்கி வைக்கிறான். இங்கே ரசம் வருவதில்லை. பருப்பே ஆதியும் அந்தமும். ஒதுக்கிய அந்த இடத்தை மாத்திரம் ஆமா எப்படியோ கண்டுகொள்கிறார்.

இங்கே 'ஜூட்டோ' என்னும் எச்சில் விதி குறுக்கிடுகிறது. உண்பவனுடைய கையையோ தட்டையோ தீண்டிய கரண்டி எச்சிலாகும்; எச்சிலான கரண்டி மீண்டும் பொதுப்பானைக்குட் செல்லலாகாது. ஆகவே பன்யு தட்டைத் தொடாமல் நாலு விரற்கடை உயரத்தில் நின்று சோற்றைப் பொழிகிறது. அதைத் தடுக்க விரும்பும் விருந்தினன் தட்டின் மேலே கையை நீட்டியாக வேண்டும். எந்தக் கையை? வலக்கையோ, உண்ட கை. அது பன்யுவிற் பட்டால் கரண்டி கெட்டது, பின்னர் அக்கரண்டி நுழையும் பானையும் கெட்டது. இடக்கையோ, அன்னத்தின் மேலே நீட்டத் தகாதது. வலக்கையால் மறுத்தல் தோஷம்; இடக்கையால் மறுத்தல் அபசாரம்; மூன்றாவது கை மனிதனுக்கு இல்லை. நேபாளத்துக் கோயில்களில் நான்கும் எட்டும் பதினெட்டுமாகக் கைகள் படைத்த தெய்வங்கள் நிற்பதற்கு இதனினும் பொருத்தமான காரணத்தைக் கலை வரலாற்றாசிரியர்கள் கூற யாம் கேட்டிலேம்.

இச்சிக்கலினின்று இரண்டு மதங்கள் கிளைத்தன: வலங்கையார் மதம், இடங்கையார் மதம். இதே பெயருடைய இரு பிரிவினர் தமிழகத்திற் பல நூற்றாண்டு காலம் சண்டையிட்டதை வரலாறு கூறுகிறது. சண்டையின் மூலகாரணம் யாதென்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமனப்பட்டாரில்லை. அது ஏதேனும் ஒரு பந்தியில் மறுசோற்றைத் தடுக்கப்போய்த் தொடங்கியிருக்கலாகும் என்று எவ்வித ஆதாரமுமின்றி இங்கே ஒரு குறிப்பைப் போட்டு வைக்கிறோம். பின்வருவோர் இதையே ஆதாரமாகக் காட்டுவார்கள், அவருக்குப் பின்வருவோர் அவர்களைக் காட்டுவார்கள், அதற்குள் இது உண்மையாகிவிடும்.

இரண்டினுக்கும் இணங்காத கவிழ்நிலையார், கையிரண்டையும் மடக்கிக்கொண்டு மார்பையே கேடயமாக்கித் தட்டின் மேற் கவிழ்தல் வேண்டும் என்பர். அது பொருந்தாது, ஏனெனில் ஆமா பிடரியின் பக்கமாகச் சுற்றி வந்து, காதோரம் கிடைத்த இடைவெளியிற் பன்யுவைச் செலுத்திவிட, சோற்றில் ஒரு பகுதி தட்டிலும் ஒரு பகுதி சட்டைக் காலரிலும் வீழ்ந்ததைக் கண்டார் உளர் (கடைக்குட்டி, மாமா சோறு உண்ட சரித்திரம், தெருவாருக்கு அளித்த வாய்மொழி அறிக்கை, மூன்று அத்தியாயமும் ஒரு நடித்துக்காட்டலும், கேட்டோர் வேண்டுகோளுக்கிணங்கத் திருத்தி விரிவாக்கிய மறுபதிப்பு).

எஞ்சி நிற்போர் வாக்கு மதத்தார். கை உதவாத இடத்தில் வாக்கே கதி என்று, போதும் என்னும் பொருளில் 'புக்யோ, ஆமா, புக்யோ' என்று இவர்கள் கூவுவர். முதற் புக்யோ கூச்சத்தால் வருவது, இரண்டாவது நாகரிகத்துக்காக வருவது, மூன்றாவதைப் பற்றி அடுத்த சோற்றுக்குப்பின் யோசிக்கலாம் என்பது பெரியோர் துணிபு (ஹஜுர்ஆமா, பெருமூச்சு, இரண்டாம் பாகம், கம்பளிப் போர்வைப் பதிப்பு, புஹாரி முந்தானைக்குட் சிரித்து எழுதிய குறிப்புரையுடன், பூனை ஒப்புநோக்கியது). அன்றியும், உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் சொல்லை இழுத்து வந்து எங்கோ நிற்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் கண்டதைப் போல, ஆமாவும் இப்போது சொன்ன 'புக்யோ'வை விட்டுவிட்டு, முதற்கவளத்தின்போது விருந்தினன் சுவையில் மயங்கி, ருசியாயிருக்கிறது என்னும் பொருளிற் சொன்ன 'மீட்டோ ச'வை எடுத்துப் பன்யுவோடு மாட்டிவிடுகிறார். நச்சினார்க்கினியரை மறுத்தெழுத இரண்டொருவருக்கேனும் துணிவிருந்தது.

எச்சிலும் தீண்டலும் பற்றிய நுணுக்கங்களை நகைத்தற்குரியனவாகவே எழுதி வந்த எழுதுகோல் ஓரிடத்தில் நின்று போகவேண்டியிருக்கிறது. நேபாளப் பிரதமராயிருந்த ஜங் பகதூர் ராணா 1854-இற் பிறப்பித்த முலுகி ஐன் என்னும் சட்டநூல், யார் சமைத்த சோற்றை யார் உண்ணலாம், யார் தொட்ட நீரை யார் பருகலாகாது என்பதைச் சாதி சாதியாக வகுத்து, மீறினால் தண்டனையும் விதித்தது. சோற்றுச் சாஸ்திரத்தை மெய்யாகவே எழுதிய பண்டிதர்கள் அவர்களே. அவர்களுடைய நூலில் நகைச்சுவை இல்லை. 1963-இன் புதிய சட்டம் அப்பாகுபாட்டை நீக்கிற்று. 2011-இன் சட்டம் தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டனை வகுத்தது. ஆயினும் இன்றும் சில மலைக்கிராமங்களில் தலித் ஒருவர் அடுப்படியின் படியேறினால் என்ன நேரும் என்பதை அறிய மேற்கோள் தேட வேண்டியதில்லை.

இதுகாறும் கூறியவற்றாற் குடும்பத்தோடு கூடியுண்டோம் என்னும் வழக்கு பிழையென்பதும் தெளிவாகும். விருந்தினன் உண்கிறான், வீட்டுத்தலைவர் உடனுண்ணலாம், ஏனையோர் பார்த்திருக்கிறார்கள். ஆமா உண்பது அதன்பின், புஹாரி உண்பது அதற்கும் பின். களஆய்வு செய்வார் தட்டை ஆராய்ந்தனர்; தட்டின் விட்டம், பதார்த்தங்களின் திசை, பருப்புக் கிண்ணத்தின் குறியீட்டுப் பொருள் ஆகியவற்றைப் பருப்பு ஆறும்வரை குறிப்பேட்டில் எழுதினர். பானையின் அடியில் எவ்வளவு மிஞ்சியது என்று எட்டிப் பார்த்தவர் அவருள் இல்லை. பார்க்கவும் இயலாது; அடுப்பைச் சுற்றிய இடத்துக்குள் வெளியார் நுழைதல் பல வீடுகளில் முறையன்று. ஆகையால் மூன்றாம் முறை விழுந்த சோறு புஹாரியின் பங்கிலிருந்து வந்ததா, அன்றி அது கணக்கிட்டே வைக்கப்பட்டதா என்னும் வினாவுக்கு எம்மிடம் விடையில்லை. கேட்டபோது புஹாரி, பானை நிறைய இருக்கிறது என்றாள். மூடி திறக்கப்படவில்லை.

கை கழுவல் குறித்து: முற்றத்தில், செம்பு நீரால்.

பிற பிரகரணங்களாகிய தயிர், ஏப்பம், விடைபெறுதல் ஆகியவற்றை எழுதத் தொடங்கிய வேளையிற் கடைக்குட்டி வந்து, இருட்டியதும் மறுபடியும் இங்கேதான் சோறு என்று ஆமா சொன்னதாகச் சொல்லிப் போனான். பிற்பகலுக்கென்று நீட்டப்பட்ட சியுராவை வலக்கையால் தடுப்பதா இடக்கையால் தடுப்பதா என்று நிச்சயிக்க வேண்டியிருப்பதால், அப்பிரகரணங்கள் இக்கட்டுரையில் இடம்பெறவில்லை.