அடாப்டர் போதுமா?

கேள்வி: என் டேக் (DAC, டிஜிட்டல்-அனலாக் மாற்றி) கருவியோடு வந்த அடாப்டரை மாற்றி, 15,000 ரூபாய்க்கு லீனியர் பவர் சப்ளை வாங்கினால் இளையராஜாவின் வயலின்கள் இன்னும் துல்லியமாகக் கேட்குமா?
– ஒரு வாசகர், புரோத்ராபூர்

பதில்: வயலின்களைத் துல்லியமாக்கும் வேலையை ராஜா முன்பே முடித்துவிட்டார், அதற்குத் தனிக் கட்டணம் வேண்டாம். நல்ல டேக் கருவிக்குள்ளேயே ரெகுலேட்டர்கள் உண்டு. அடாப்டர் அனுப்பும் இரைச்சலில் பெரும்பகுதியை அவை விழுங்கிவிடும். பாட்டை நிறுத்தி, வழக்கமான வால்யூமில் ஸ்பீக்கரில் காதை வையுங்கள். நிசப்தமா? பணம் மிச்சம். ரீங்காரமா? முதலில் வீட்டு எர்த்தைச் சோதியுங்கள்.

உங்கள் ஊர் விஷயம் இன்னும் சுவையானது. புரோத்ராபூர் இருக்கும் அந்தமானுக்கு மெயின்லேண்ட் கிரிட்டோடு இணைப்பே இல்லை. நெய்வேலி என்.எல்.சி. அங்கே பேட்டரியோடு 20 மெகாவாட் சூரியமின் நிலையம் அமைத்த பிறகும் டீசல் ஜெனரேட்டர்கள்தாம் பெரும்பாரம் சுமக்கின்றன. இப்படிப்பட்ட சின்ன கிரிட்டில் வோல்டேஜ் எளிதில் ஏறி இறங்கும். '100–240 வோல்ட்' என்று அச்சிட்ட உங்கள் அடாப்டர் அதைச் சட்டை செய்யாது. 230 வோல்ட்டுக்கென்று செய்த லீனியர் சப்ளையோ, வோல்டேஜ் அதிகம் சரிந்தால் ரீங்கரிக்கத் தொடங்கும். விலை உயர்ந்தது அங்கே முதலில் தடுமாறும்!

அந்தப் பணத்தில் சர்ஜ் புரொடெக்டர் வாங்குங்கள், ஒழுங்கான எர்த் போடுங்கள். பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தால் வறண்ட கெப்பாசிட்டர்களை மாற்றுங்கள். அந்தச் செலவு உண்மையிலேயே காதுக்குக் கேட்கும். இசைத்தட்டு கேட்பவரென்றால் மட்டும் ஃபோனோ ப்ரீஆம்ப்புக்கு நல்ல சப்ளை வாங்கலாம். ஊசி தரும் சில மில்லிவோல்ட்டை அது சுமார் நூறு மடங்கு பெருக்குகிறது, இரைச்சலும் கூடவே பெருகும்.