குழாய் ஆர்கனும் வாடிப்பட்டி மேளமும்

கேள்வி: எங்கள் ஊர் மேளத்துக்குப் பேர்போனது. ஆனால் சினிமாவில் காட்டுகிற பிரம்மாண்டமான குழாய் ஆர்கன் எங்கள் பக்கத்து மாதா கோயில்களில் ஏன் இல்லை?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: வாங்குவதைவிட வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. அடி சுருதிக்கு 8 அடி, 16 அடி நீளக் குழாய்கள் வேண்டும். உச்ச சுருதிக் குழாயோ பென்சில் அளவுதான். காற்று போகும் வழியெல்லாம் மரமும் தோலும். ஐப்பசி மழையில் மரம் உப்பும், சித்திரை வெயிலில் தோல் வெடிக்கும். பழுது பார்க்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. சென்னை எழும்பூர் ஆந்திரேயா கிர்க் ஆலயத்தில் 1883-இல் வைத்த ஆர்கன் இருக்கிறது. அவசியம் போய்ப் பாருங்கள்.

கிராமங்களில் ஆர்கனின் இடத்தை நிரப்பியது ஆர்மோனியம். குழாய்க்குப் பதில் பித்தளை நாக்குகள். ஒரு கை துருத்தி போட, மறு கை பாடும். கமகம் வராது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கி வைத்தது; ஆனால் மாதா கோயில்கள் கைவிடவில்லை. ஆர்மோனியத்துக்கு நாம் பட்ட நன்றிக்கடன் நிறைய இருக்கிறது. 1963-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குழாய் ஆர்கனைப் போற்றியதோடு, வழிபாட்டுக்கு ஏற்ற மற்றக் கருவிகளுக்கும் கதவைத் திறந்தது.

இப்போது கீபோர்டு காலம். அதிலும் ஆர்கன் ஒலி உண்டு. தானாக ஓடும் தாளத்தை மட்டும் அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தாளம் போட வாடிப்பட்டியில் ஆளா இல்லை?