கோலியல்: வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்குக் கோல் தேர்தல் குறித்த சிற்றாராய்ச்சி

வாய்வழி மருந்திடும் துப்பாக்கி என்பது, கருமருந்தையும் குண்டையும் குழலின் முன்வாய் வழியே இட்டு, அடிவரை தள்ளிக் கெட்டித்த பின்னரே சுடத்தக்க படைக்கலமாகும். அவ்வாறு தள்ளவும், சுட்டபின் கரியைத் துடைக்கவும் பயன்படும் கோலே இவ்வாய்வின் பொருள். குழலையும் விசையையும் போற்றும் நூல்கள் பெருகியிருக்க, குண்டுக்கு முன்பே குழலை விட்டு வெளியேறும் கடமை பூண்ட இக்கோலுக்கு உரிய இடம் தரப்படாமை ஆய்வுலகின் பெருங்குறை என்க.

கோல் பொருளால் இருவகைப்படும்: மரக்கோல், உலோகக்கோல். மரங்களுள் அமெரிக்க ஹிக்கரியே சிறந்ததெனப்படும். அதனையும் அறுக்காமல் நாரோட்டத்தின் வழியே பிளந்து செதுக்க வேண்டும். நாரோட்டம் பக்கவாட்டில் விலகிய உருண்டைக் குச்சியை மலிவு கருதி வாங்குவோர், அது சாய்வாக முறிந்து கூர்முனையால் உள்ளங்கையைத் துளைக்கும்போது சேமித்த காசின் மதிப்பை உணர்வர். ஆதலின் எக்கோலையும் குழல்வாய்க்கு ஒரு சாண் மேலே பற்றிச் சிறுசிறு தள்ளலாகச் செலுத்துதல் விதியாயிற்று. நுனிப்பூணைக் குறுக்காணியிட்டு இறுக்காமல் பசையால் மட்டும் ஒட்டினால், அது துடைப்புத் துணியோடு குழலின் அடியிலேயே தங்கிவிடவும் கூடும்.

உலோகக்கோலின் பெருமை பிரஷ்யாவில் விளங்கியது. அன்ஹால்ட்-டெசாவ் இளவரசர் லியோபோல்ட் அந்நாட்டுப் படையில் புகுத்திய இரும்புக்கோல், மரக்கோலைப் போல் அவசரத்தில் முறியாமையால், படைவீரர் விரைந்து கெட்டிக்க முடிந்தது. 1741இல் மோல்விட்ஸ் போரில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் தளபதியின் வேண்டுகோளுக்கிணங்கக் களத்தை விட்டு அகன்றார். ஆயினும் காலாட்படை நின்று சுட்டு வென்றது. செங்கோல் நீங்கியும் இரும்புக்கோல் நின்றமைக்கு இதனினும் தக்க சான்று வேண்டா.

இரும்பு குழலின் உட்பள்ளங்களைத் தேய்க்குமே எனின், அதனாலன்றோ பித்தளையை நாடுகின்றனர் என்பது விடை. பித்தளையும் மென்மையானது, மணல் துகள் பதிந்தால் அரமாகிவிடும் எனின், அடிக்கடி துடைத்து, குழல்வாயில் காப்பு வளையம் பொருத்துக என்பது மறுவிடை. தடிமனைப் பொறுத்தவரை, அரை அங்குலத் துளைக்கு எட்டில் மூன்று அங்குலக் கோல் பொருந்தும். நீளம் குழலினும் சற்று மிகுதல் வேண்டும். குறைந்தால், சிக்கிய கோலைப் பற்றியிழுக்கப் பிடி இராது.

இவ்வழக்குகள் அனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863இல், கெட்டிஸ்பர்க் களத்திலிருந்து சேகரிக்கப்பட்ட 27,574 துப்பாக்கிகளுள் ஏறத்தாழ 24,000 குண்டேற்றிய நிலையில் இருந்தன எனவும், அவற்றுள் பலவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல குண்டுகளும், ஒன்றில் மட்டும் 23 குண்டுகளும் இருந்தன எனவும் கூறப்படுகிறது. ஆரவாரத்தில், முந்தைய மருந்து வெடித்ததா என்பதை அறியாமலே வீரர் மேலும் மேலும் கெட்டித்தனர் போலும். வெறுங்குழலில் கோல் அடிதொடும் இடத்தில் ஒரு கீறலும், முறைப்படி குண்டேற்றிய பின் நிற்கும் இடத்தில் மற்றொரு கீறலும் இட்டிருந்தால், கோலை இறக்கிய கணமே குழலின் உண்மை நிலை புலப்படும். எனவே கெட்டிக்கும் கோல் முதற்கண் அளவுகோலே. ஹிக்கரியா, பித்தளையா, இரும்பா என்று விடியவிடிய நிகழும் வாதம், கத்திமுனையால் காசு செலவின்றி இடப்படும் அவ்விரு கீறல்களுக்கு அடுத்த படியிலேயே வைக்கத்தக்கது.